கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி





மதீனாவில் அன்ஸாரிகளைச் சேர்ந்த ஒரு மனிதர் பெருமானார் (ஸல்) அவர்களின் சமுகத்திற்கு வந்து உதவி கேட்டு நின்றார். அள்ளிக் கொடுப்பதில் பெருமானாருக்கு நிகர் யார்? கையில் இருந்தால் அப்போதே கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால் சபையில் இருந்த தோழர்களை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாலே போதும், ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து குவித்திருப்பார்கள். ஆனால் அன்று நடந்தது வேறு. அவருடைய வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பெருமானார் கேட்டார்கள்.

ஒரு முரட்டுத் துணி இருக்கிறது, அதில் பாதியை உடுத்திக்கொள்கிறோம், பாதியை விரித்துக்கொள்கிறோம்; தண்ணீர் குடிக்க ஒரு பாத்திரம் இருக்கிறது என்றார் அவர். இரண்டையும் எடுத்துவரச் சொன்னார்கள். சபையிலேயே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹத்துக்குக் கேட்டார். அதற்கு மேல் கேட்பவர் உண்டா என்று பெருமானாரே இரண்டு மூன்று முறை கேட்க, இன்னொருவர் இரண்டு திர்ஹத்துக்கு எடுத்துக்கொண்டார். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு. மற்றொரு திர்ஹத்துக்கு ஒரு கோடரி. அந்தக் கோடரிக்குத் தம் முபாரக்கான கரத்தாலேயே காம்பு பூட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும், 15 நாட்கள் தம் கண்ணில் படக் கூடாதென்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது 10 திர்ஹம் சம்பாதித்திருந்தார். ஹளரத் அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது.

ஜும்ஆ மிம்பர்களில் இதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். கை நீட்டிக் கேட்கக் கூடாது என்பதற்கு ஆதாரமாகத்தான் நாங்கள் பெரும்பாலும் இதைச் சொல்லி வருகிறோம். கேட்பவனுக்குப் பாடம் சொல்வது எளிதாயிற்றே! ஆனால் இதில் கொடுப்பவனுக்கு உள்ள பாடம் அதைவிடப் பெரியது. பெருமானார் கொடுக்குமுன் கேட்டார்கள். என்ன இல்லை என்று கேட்கவில்லை, என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அந்த மனிதரின் கை கால் பலத்தையும், ஊரில் விறகுக்கு இருந்த தேவையையும், வீட்டில் கிடந்த இரண்டு பொருள்களையும் ஒன்றாக்கி ஒரு வழி கண்டார்கள். அன்றைய பசிக்கு முதல் திர்ஹத்தை ஒதுக்கினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பசித்த வயிற்றோடு ஒருவனைத் தொழிலுக்கு அனுப்பவில்லை. பிறகு, திரும்பி வந்து சொல்ல ஒரு நாளும் குறித்தார்கள்.

இந்தக் கேள்வியை நம் ஊர்களில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இமாமாக இருக்கும் பகுதி கள்ளக்குறிச்சி. 2019 நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. கோமுகி ஆறும் மணிமுத்தா ஆறும் அங்கேதான் பிறக்கின்றன. அந்தத் தண்ணீரில்தான் கீழே கரும்பும் நெல்லும் விளைகின்றன. மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்தாரோடு அவர்களுக்குச் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. நம் மக்களோ இம்மாவட்டத்தில் சிறு தொகையினர். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவிலூர், உளுந்தூர்ப்பேட்டை போன்ற ஊர்களில் ஜமாஅத்துகள் இருக்கின்றன. இவற்றைச் சுற்றி, ஒரு பள்ளிவாசலும் இருபது முப்பது வீடுகளுமாகச் சில சிற்றூர்கள். சிறு கடை, இறைச்சிக் கடை, வண்டி ஓட்டுதல், கூலி வேலை. வெளிநாடு போனவர்கள் சிலர்.

இந்தப் பெயரை நாடு முழுவதும் அறிந்துகொண்டது ஒரு துக்கத்தினால். 2024 ஜூன் மாதம் 18, 19ஆம் நாட்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் வாந்தியும் வயிற்று வலியும் கண் இருளுவதுமாகச் சாய்ந்தார்கள். 65 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். பெண்களும் அதில் உண்டு. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் அரசு வழங்கியது. குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்று அப்போது பலர் கேட்டார்கள். நம்மவர்களும் கேட்டார்கள். மது ஹராம் என்பதில் எந்த முஸ்லிமுக்கும் சந்தேகமில்லை. ஆனால் செத்தவனின் பிள்ளை என்ன குடித்தது? அடுப்பில் உலை இல்லாத வீட்டின் முன்னால் நின்றுகொண்டு ஃபத்வா சொல்வது ஆலிமுக்கு அழகல்ல.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கல்வராயன் மலையில் நெடுங்காலமாகச் சாராய ஊறல் போடுவதும், காவல்துறை ஏறிப்போய் அழிப்பதும் உண்மை. அதனால் கருணாபுரத்துச் சாவுகளுக்கும் மலைவாசிகளே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. மெத்தனால் மலையில் காய்ச்சுகிற சரக்கல்ல, தொழிற்சாலைகளுக்கான இரசாயனம். அதை விற்றவர்களின் கூட்டம் வேறு.

இந்தத் துக்கத்தின் பிறகு ஒன்று நடந்தது. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், யாரும் மனுப் போடாமலே, தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை என்ன, சாலை உண்டா, பள்ளிக்கூடம் உண்டா, மருத்துவம் உண்டா என்று அரசைக் கேட்டது. முதலமைச்சரோ அமைச்சர்களோ மலைக்கு நேரில் போய்ப் பார்த்தால் நல்லது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். நேரில் போய்ப் பார்ப்பது! அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்துத்தான் அரசின் நேரடி நிர்வாகம் அங்கே ஏறியது. அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு போயிற்று. மலையடிவாரத்தில் இத்தனை உயிர்கள் போன பிறகு, மேலே இருப்பவர்களுக்கு என்ன தேவை என்று கேட்க ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது.

அமீருல் முஃமினீன் ஹளரத் உமர் (ரலி) அவர்களை நினைத்துப் பார்க்கிறேன். பைத்துல் மாலிலிருந்து குழந்தைகளுக்கு உதவித்தொகை கொடுக்க ஏற்பாடு செய்தவர்கள் அவர்கள். பால்குடி மறந்த குழந்தைகளுக்கு மட்டும் என்பது விதி. நல்ல எண்ணத்தோடு போட்ட விதிதான். ஓர் இரவு, மதீனாவுக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்துக்குக் காவலாக ஹளரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோடு சுற்றி வந்தபோது ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டார்கள். இரண்டு மூன்று தடவை போய்த் தாயைக் கண்டித்தார்கள். கடைசியில் அந்தத் தாய், பேசுவது யாரென்று அறியாமலே, உண்மையைச் சொன்னாள்: பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் உமர் பணம் கொடுக்கிறார், அதனால் வேளை வருமுன்னே மறக்கடிக்கிறேன் என்றாள். அன்று ஸுப்ஹுத் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் ஓதியது அழுகையில் மக்களுக்கு விளங்கவில்லை என்று அறிவிக்கிறார்கள். தம் விதியால் எத்தனை குழந்தைகள் வாடினவோ என்று கலங்கி, பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதவித்தொகை உண்டு என்று அன்றே மாற்றி அறிவித்தார்கள்.

எண்ணிப் பாருங்கள். திட்டம் இருந்தது, பணம் இருந்தது, நீதியில் குறையாத ஆட்சியும் இருந்தது. ஆனாலும் தவறு எங்கே இருக்கிறது என்பதை ஒரு குழந்தையின் அழுகைதான் சொல்ல வேண்டியிருந்தது. அரண்மனையில் உட்கார்ந்திருந்தால் அது காதில் விழுந்திருக்குமா?

நம் சிறு ஜமாஅத்துகளுக்கு வருவோம். ரமளான் மாதம் வந்துவிட்டால் பெரிய நகரங்களிலிருந்து வண்டிகள் வரும். அரிசி, எண்ணெய், பருப்பு கட்டிய பைகள் இறங்கும். கொடுத்தவர்களை அல்லாஹ் கபூல் செய்வானாக. அவர்களைக் குறை சொல்வது நோக்கமல்ல. ஆனால் அந்த வண்டி எந்த வீட்டிற்கு மருந்து வேண்டும், எந்த வீட்டிற்குப் பேருந்துக் கட்டணம் வேண்டும் என்று கேட்டு வருவதில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே பை. நீரிழிவு நோயாளி மட்டும் இருக்கிற வீட்டுக்கும் பத்துக் கிலோ பச்சரிசி! இன்னொன்று தையல் இயந்திரம். விதவை என்றால் தையல் இயந்திரம் என்று யாரோ எழுதி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. தைக்கத் தெரியாத பெண்ணுக்கும், கண் மங்கிய பெண்ணுக்கும், ஏற்கனவே நான்கு பேர் தைத்துக் கூலி பேசிப் போட்டியிடும் தெருவில் ஐந்தாவது பெண்ணுக்கும் அதே இயந்திரம். சில மாதங்களில் அது பாதி விலைக்குப் போய்விடும், அல்லது மூலையில் துணி போட்டு மூடிக் கிடக்கும். கொடுத்தவர் கையில் புகைப்படம் மட்டும் பத்திரமாக இருக்கும்.

யாருக்குத் தேவை இருக்கிறது என்பது வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்துத் தெரிந்துவிடுமா? மானத்தால் கேட்காமல் இருப்பவர்களை, அறியாதவன் செல்வந்தர் என்று நினைத்துக்கொள்வான் என்ற கருத்தை அல்லாஹுத்தஆலா ஸூரத்துல் பகராவில் சொல்கிறான். அந்த அறியாதவன் யார் என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளைச் சட்டையோடு முதல் ஸஃப்பில் நிற்கிற மனிதரின் வீட்டில் மூன்று மாத வாடகை நின்றிருக்கலாம். பள்ளிவாசல் மோதினாருக்கு அரசின் உலமாக்கள் நலவாரியம் என்று 2009இல் ஒன்று அமைந்ததே தெரியாமல் இருக்கலாம்.

எண்ணிக்கை எடுப்பது, பட்டியல் எழுதுவது எல்லாம் அரசாங்க வேலை, தீனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களையெல்லாம் எழுதித் தரும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததையும், 1,500 பேரை எழுதியதையும் ஹளரத் ஹுதைஃபா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் ‘தீவான்’ என்ற பதிவேட்டையே ஏற்படுத்தினார்கள். நம் நாட்டிலும் 2005இல் நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் அமைந்த குழு, முஸ்லிம்களின் கல்வி, வேலை, கடன் வசதி எல்லாவற்றையும் கணக்கெடுத்து 2006 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகுதான் வாயால் சொல்லிக்கொண்டிருந்தவற்றுக்குக் கையில் கணக்கு வந்தது. ஆனால் அந்த அறிக்கையில் உங்கள் தெரு இல்லை. உங்கள் தெருவின் கணக்கை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

கணக்கெடுத்தால் என்ன தெரியும்? சில சமயம், பெரிய மலையாகத் தோன்றியது சிறு கல்லாக இருப்பது தெரியும். கல்வராயன் மலை ஜாகீர்களிடமிருந்து விடுபட்ட அதே 1976இல், வங்காள தேசத்தில் சிட்டகாங் அருகே ஜோப்ரா என்ற கிராமத்தில் முஹம்மது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர், கடனில் சிக்கியிருந்த ஏழைகளைத் தேடிப் போய்க் கேட்டுப் பட்டியல் எழுதினார். 42 பேர். அவர்கள் அத்தனை பேரையும் கடனிலிருந்து விடுவிக்கத் தேவைப்பட்ட மொத்தத் தொகை 27 டாலர்தான்! அதிலிருந்து அவர் எழுப்பிய வங்கி வட்டியின் மேல் நடப்பது. அந்தப் பாதை நமக்கு ஆகாது. ஆனால் போய்க் கேட்டுக் கூட்டிப் பார்த்தாரே, அது நம்முடைய வழியல்லவா? நாம் விட்டதை அவர் எடுத்தார்.

வட்டி என்றதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இன்று நம் சிற்றூர்களில் கதவைத் தட்டினால் முதலில் வெளிவரும் தேவை உணவல்ல, கடன். குழுக் கடன் என்று பெண்கள் பெயரில் வாங்கிய பணம். ஒரு நிறுவனத்தின் வாரத் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன். வசூலுக்கு ஆள் வரும் நாளில் அடுத்த தெருவில் போய் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை நான் பார்க்கிறேன். கடன் வசூலில் நடக்கும் பலவந்தத்தைத் தடுக்க 2025இல் தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டமே இயற்ற வேண்டி வந்தது. வட்டி ஹராம் என்று நாம் மிம்பரில் முழங்குகிறோம். கணவனுக்கு நெஞ்சு வலி வந்த இரவில் 5,000 ரூபாய் வட்டியில்லாமல் எங்கே கிடைக்கும் என்று அந்தப் பெண் கேட்டால், ஜமாஅத்திடம் பதில் இருக்கிறதா? ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடனாளியும் ஒருவர் என்று திருமறையின் தவ்பா அத்தியாயம் வகுத்திருக்கிறது. அழகிய கடன் கொடுக்கச் சிறு நிதி ஒன்றை, முப்பது வீட்டு ஜமாஅத்தும் வைத்துக்கொள்ள முடியும். எவ்வளவு வேண்டும் என்பது, கேட்டுக் கூட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும்.

எந்த ஊர்ப் பணம் எந்த ஊருக்கு என்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஹளரத் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, அங்குள்ள செல்வந்தரிடம் ஜகாத்தை எடுத்து அவர்களில் உள்ள ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும் என்று பெருமானார் (ஸல்) பணித்தார்கள். பின்னர் உமர் (ரலி) காலத்தில் முஆத் (ரலி), யமனின் ஜகாத்தில் மூன்றில் ஒரு பங்கை மதீனாவுக்கு அனுப்பினார்கள். வரி திரட்டவா உம்மை அனுப்பினேன் என்று கலீபா கடிந்துகொண்டார்கள். இங்கே வாங்க ஆள் இல்லாததைத்தான் அனுப்பினேன் என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு பாதி வந்தது; மூன்றாம் ஆண்டு முழுவதும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே கண்டிப்பு, அதே பதில். அபூ உபைத் (ரஹ்) தம் கிதாபுல் அம்வாலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டில் ஜகாத் வாங்க ஆள் இல்லாமல் போனது! நம் ஜமாஅத்தில் பத்து ஆண்டுகளாக அதே பெயர்கள் அதே வரிசையில் நிற்கின்றனவே, ஏன் என்று கேட்டிருக்கிறோமா? சென்ற ஆண்டு வாங்கியவரில் எத்தனை பேர் இந்த ஆண்டு வாங்க வேண்டியதில்லை என்று எந்த முத்தவல்லியாவது கணக்கு வைத்திருக்கிறாரா?

‘என்ன இருக்கிறது’ என்று கேட்டால் இந்தப் பகுதியில் பதில் வறண்டுபோகாது. கரும்பு இருக்கிறது, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் அமைந்ததே அதனால்தான். மரவள்ளி இருக்கிறது. கறவை மாடும் ஆடும் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது; சிலை செய்வது நமக்கு ஆகாது என்றாலும், கதவும் நிலையும் கொடி வேலைப்பாடும் செதுக்குகிற கைக்கு என்ன தடை? மலையில் புளி, தேன், கடுக்காய், சாமை, தினை இருக்கின்றன. ஒரு வீட்டில் பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண் பிள்ளை இருக்கும். அரபியும் தமிழும் அழகாக எழுதும். அது தேவை என்ற பட்டியலில் மட்டும் எழுதப்படும். நான் அதை இருப்பு என்ற பட்டியலிலும் எழுதுவேன். அந்தத் தெருவின் ரேஷன் கார்டு, விதவை உதவித்தொகை, கல்வி உதவித்தொகை மனுக்களையெல்லாம் நிரப்பிக் கொடுக்க அந்தப் பிள்ளையைவிட யார் பொருத்தம்? மாதம் 1,200 ரூபாயாக 2023இல் உயர்த்தப்பட்ட விதவை உதவித்தொகையை, மனு எழுதத் தெரியாமல் விட்டவர்கள் உண்டு. 1 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கான மத்திய அரசின் சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை 2022இல் நின்றுபோனது தெரியாமல் அலைந்தவர்களும் உண்டு.

மலைச் சரக்கைச் சொன்னதால் நம் வணிகப் பெருமக்களிடம் ஒரு வார்த்தை. வெளியூரிலிருந்து சரக்கோடு வருபவர்களைச் சந்தைக்கு வருமுன் வழியிலேயே மடக்கி வாங்குவதைப் பெருமானார் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். சந்தை விலை அறியாதவனிடம் அவன் அறியாமையைக் காசாக்குவது அது. புளி மரத்தில் பூவாக இருக்கும்போதே மலைவாசிக்கு முன்பணம் கொடுத்து, காய்த்த பிறகு நாம் சொன்னதே விலை என்று எடுத்துவருவது எதில் சேரும்? பழங்குடியினருக்கென்று பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை 1970களில் அரசு தொடங்கியதே இந்தச் சுரண்டலை ஒழிக்கத்தான். மலைவாழ் மக்களுக்கு ஒரு ரமளானில் நூறு பை அரிசி கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, அவர்கள் சரக்குக்குச் சந்தை விலை கொடுப்பது பெரிய உபகாரம். அது ஸதகாகூட அல்ல, அவர்களுடைய ஹக்கு. விலை கிடைக்காமல்தான் 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளிகள் செம்மரம் வெட்டப்போய்ச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட மாட்டேன், காரணங்கள் பல. ஆனால் சொந்த மலையில் மதிப்பான கூலி கிடைப்பவன் அண்டை மாநிலக் காட்டுக்கு இரவில் போவானா?

அவர்கள் முஸ்லிம்கள் அல்லவே, நமக்கு அவர்களிடம் என்ன கடமை என்று ஒரு சகோதரர் கேட்டார். கடமையான ஜகாத் பொதுவாக முஸ்லிம் ஏழைகளுக்கே என்பது நான்கு மத்ஹபு இமாம்களின் முடிவு. ஸதகாவுக்கு அந்த எல்லை கிடையாது. ஹளரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூதரான பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்கள், கண் தெரியாத ஒரு யூத முதியவர் வாசலில் கேட்டு நிற்பதைக் கண்டு, கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போய் இருந்ததைக் கொடுத்தார்கள். அத்தோடு விடாமல் பைத்துல் மால் பொறுப்பாளரை அழைத்து, இவரையும் இவரைப் போன்றவர்களையும் பார்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்கள். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) தம் கிதாபுல் கராஜில் எழுதியிருக்கிறார்கள். ‘இவரைப் போன்றவர்களையும்’ என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருவரைக் கண்டதும், அவரைப் போல் இன்னும் எத்தனை பேர் என்று உடனே தோன்றியிருக்கிறது. கருணாபுரத்து விதவையைக் கண்டு நமக்கு அப்படித் தோன்ற வேண்டாமா? பக்கத்து வீடு என்பது எதுவரை என்று கேட்டவருக்கு, முன்னே நாற்பது, பின்னே நாற்பது, வலம் நாற்பது, இடம் நாற்பது வீடுகள் என்றார்கள் ஹஸன் பஸரீ (ரஹ்). கள்ளக்குறிச்சியில் எந்தப் பள்ளிவாசலிலிருந்து நான்கு பக்கமும் நாற்பது எண்ணினாலும், பெரும்பகுதி மாற்று மதத்தவர் வீடுகள்தான்.

போய்க் கேட்பது யார்? ஆண்கள் கமிட்டி போட்டுக்கொண்டு ஐந்து பேராக ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் உள்ளேயிருந்து ஒரு பதிலும் வராது. எல்லாம் அல்லாஹ்வின் கிருபையால் நன்றாக இருக்கிறது என்ற பதில்தான் வரும். தாய்மார்களே, இது உங்கள் வேலை. எந்த வீட்டில் இரண்டு வேளை அடுப்பு எரிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். உம்முல் முஃமினீன் ஹளரத் ஜைனப் பின்து ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டுத் தைத்துத் தம் கையால் சம்பாதித்ததை ஏழைகளுக்குக் கொடுத்தவர்கள். தொழில் அறிந்தவர்கள் கொடையும் அறிந்திருந்தார்கள். ஆகவே இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் அந்தத் தெருக்காரராக இருக்கட்டும். எழுதுகோலும் நோட்டும் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். உட்காருங்கள், தேநீர் கொடுத்தால் குடியுங்கள், அவர்கள் பேசட்டும். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம். இந்த வீட்டில் என்ன செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். செய்ய முடியாததற்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பசியைச் சொல்ல வைத்துவிட்டு, எழுதிக்கொண்டு போய், திரும்பியே பார்க்காமல் இருப்பது, கேட்காமலே இருந்ததைவிடக் கொடுமை. முடியாது என்றால் முடியாது என்று போய்ச் சொல்லிவிடுங்கள்.

ஷஃபான் மாதத்தில் இதைத் தொடங்கினால் ரமளானில் ஜகாத் கையில் வரும்போது எங்கே கொடுப்பது என்று தெரியும். அந்த நோட்டை முத்தவல்லியும், போய்வந்த பெண்களில் ஒருவரும் தவிர மூன்றாமவர் பார்க்கக் கூடாது. பள்ளிவாசலில் வாசிப்பதோ, வாட்ஸப்பில் அனுப்புவதோ, கொடுக்கும்போது படம் எடுப்பதோ ஹராமான அளவுக்கு ஒரு முஸ்லிமின் மானத்தைக் கெடுக்கும். ஒவ்வொரு வீட்டின் பக்கத்திலும் இருப்பதை மேலேயும் இல்லாததைக் கீழேயும் எழுதுங்கள். உடனே கொடுக்க வேண்டியதற்கும், தொழிலுக்குக் கொடுக்க வேண்டியதற்கும் தனித்தனியே ஒரு தொகை குறியுங்கள். 15 நாள் கழித்து அந்த வீட்டுக்கு யார் போய்க் கேட்பது என்ற பெயரையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.